சோனி மாவிகா: ஃபிளாப்பியில் படம் எழுதிய கேமரா, உப்பளத்தில் ஒரு மதிப்பீடு

ஃபிளாப்பி டிஸ்க்கை வயிற்றில் போட்டுக்கொண்டு படம் எடுத்த கேமரா ஒன்று இருந்தது என்று சொன்னால், அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இருந்தது. 1997-இல் சோனி வெளியிட்ட டிஜிட்டல் மாவிகா. எஃப்.டி.5, எஃப்.டி.7 என்று இரண்டு மாடல்கள். முதலாவதில் ஜூம் கிடையாது. இரண்டாவதில் 10 மடங்கு ஆப்டிகல் ஜூம். இந்தக் குறிப்பு எஃப்.டி.7 பற்றியது.

இப்போ எதுக்கு இது? இடையஞ்சாவடியிலிருந்து மரக்காணம் வரைக்குமான கடற்கரையோரத்துப் பழைய புகைப்படங்களைக் கொஞ்ச நாளாகச் சேகரித்து வருகிறேன். பெரும்பாலும் ஸ்டுடியோவில் எடுத்த அட்டைப் படங்கள்தான் கிடைக்கும். அப்படித் தேடும்போது, மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வீட்டில் இந்தக் கேமராவும் நாற்பது சொச்சம் ஃபிளாப்பியும் கிடைத்தன. வெளிநாட்டிலிருந்த உறவுக்காரர் கொடுத்த கேமராவாம். 1999-இல் தொடங்கி நாலைந்து வருஷம் எடுத்திருக்கிறார்.

ஆக, கேமராவும் கையில் இருக்கிறது, அது எடுத்த கால் நூற்றாண்டுப் பழைய படங்களும் இருக்கின்றன. அன்றைக்கு இந்தக் கேமராவுக்கு ரிவியூ எழுதியவர்களுக்கு இந்த வசதி இல்லை. படம் எடுத்த அன்றைக்கு எப்படி இருந்தது என்றுதான் அவர்களால் சொல்ல முடிந்தது. எதுக்கு மிஞ்சியது, எதுக்கு மிஞ்சவில்லை என்று நாம் பார்க்கலாம்.

பெயர்க் குழப்பம்

மாவிகா என்ற பெயர் 1997-க்கும் மூத்தது. 1981 ஆகஸ்டில் சோனி இதே பெயரில் ஒரு முன்மாதிரியைக் காட்டியது. உலகின் முதல் டிஜிட்டல் கேமரா என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது தப்பு. அதில் படம் அனலாக் வீடியோ சமிக்ஞையாக 2 அங்குலக் காந்தத் தட்டில் பதிந்தது. டி.வி.யில் போட்டுப் பார்க்க வேண்டும். எண்களாகப் படம் எடுத்ததில் மூத்தது, 1975-இல் கோடாக்கில் ஸ்டீவன் சாசன் செய்த கருவி. 100 × 100 புள்ளிகள், ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 வினாடி. மாவிகா என்ற பெயர் டிஜிட்டல் ஆனது 1997-இல்தான்.

பலம்: கொடுத்துவிட்டுப் போகலாம்

அந்தக் காலத்து மற்ற கேமராக்களோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். 1994-இல் வந்த ஆப்பிள் குயிக்டேக் 100, 640 × 480 அளவில் 8 படம்தான் எடுக்கும். 1995-இல் வந்த காசியோ கியூ.வி.-10 படத்தின் அளவோ 320 × 240 மட்டுமே. இரண்டிலும் படம் கேமராவுக்கு உள்ளேயே இருக்கும். எடுப்பதற்கு அதற்கென்று ஒரு கேபிள், அதற்கென்று ஒரு மென்பொருள், அது ஓடுகிற கம்ப்யூட்டர் எல்லாம் வேண்டும்.

மாவிகாவுக்கு எதுவுமே வேண்டாம். சாதாரண 3.5 அங்குல ஃபிளாப்பி, சாதாரண ஃபேட்12 கோப்பு முறை, சாதாரண ஜேபெக் கோப்பு. அப்போது திண்டிவனத்திலோ பாண்டிச்சேரியிலோ எந்த ப்ரௌசிங் சென்டருக்குப் போனாலும் கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. துளை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஃபிளாப்பி துளை கட்டாயம் இருக்கும். படம் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, எதிரில் நிற்பவர் கையில் கொடுத்துவிட்டு வேறு டிஸ்க் போட்டுக்கொள்ளலாம். பெரியவர் அப்படி நிறையக் கொடுத்திருக்கிறார். உப்பளத்து வீடுகள் இரண்டில் அவர் கொடுத்த டிஸ்க்கை நானே பார்த்தேன். கம்ப்யூட்டரே இல்லாத வீடுகள். ஒன்றில் அது சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது.

ஃபிலிமில் நெகட்டிவ் எடுத்தவரிடமே தங்கிவிடும். இங்கே மூலப் பிரதியே கை மாறுகிறது. இப்போது போன் போனாக மாறும் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிதாகத் தெரியாது. அன்றைக்கு இது புதுசு.

பலம்: லென்ஸும் பேட்டரியும்

10 மடங்கு ஜூம் என்றால், 35 எம்.எம். ஃபிலிம் கணக்கில் ஏறக்குறைய 40 முதல் 400 எம்.எம். வரை. 400-இல், 100 மீட்டர் தூரத்தில் சுமார் 9 மீட்டர் அகலம் சட்டகத்துக்குள் வரும். 9 மீட்டரை 640-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 1.4 சென்டிமீட்டர். அத்தனை தூரத்தில் நிற்கும் ஒன்றேகால் மீட்டர் பூநாரை 90 புள்ளி உயரத்தில் விழும். இன்ன பறவை என்று சந்தேகமில்லாமல் சொல்ல அது போதும். கழுவெளி 2021-இல்தான் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இருபது வருஷம் முந்திய பறவைப் படம் ஒன்று, மங்கலாக இருந்தாலும், சும்மா இல்லை.

பேட்டரி சோனியின் வீடியோ கேமராக்களுக்கான லித்தியம் வகை. மீதி எத்தனை நிமிஷம் என்று திரையிலேயே காட்டும். நாலு பென்சில் பேட்டரியைப் போட்டு அரை மணியில் தீர்ந்துபோகும் கேமராக்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

பலவீனம்: உப்பளத்து வெயில்

இந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. 2.5 அங்குல எல்.சி.டி. திரை மட்டும்தான். மதியம் பாத்தி வரப்பில் நின்று அதைப் பார்த்தால் உங்க முகம்தான் தெரியும். எதைக் குறிவைக்கிறோம் என்பது குத்துமதிப்பு. தலை வெட்டுப்பட்ட, கால் வெட்டுப்பட்ட படங்கள் பெரியவரின் டிஸ்க்குகளில் எத்தனையோ. எல்லாம் நடுப்பகலில் எடுத்தவை. சாயங்காலப் படங்களில் அந்தக் கோளாறு இல்லை.

அடுத்தது வெண்மை. எந்தத் தானியங்கி ஒளிமானியும் காட்சி சராசரியாகச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். சட்டகம் முழுக்க உப்புக் குவியல் என்றால், அதைச் சாம்பலாக்கி, பக்கத்தில் நிற்கும் ஆளைக் கரியாக்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் இருக்கிறது. கூட்டினால் ஆள் தெரிகிறார், உப்பு வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கும் வீச்சு அந்தச் சின்னச் சி.சி.டி.க்குக் கிடையாது. கருத்த உடம்பு, வெளுத்த உப்பு, உச்சி வெயில்: இந்தத் தொழிலைப் படம் எடுக்க இதைவிடப் பொருத்தமில்லாத கருவி அமைவது கஷ்டம்.

வேகமும் இல்லை. ஃபிளாப்பியில் எழுதும் வேகம் வினாடிக்கு அதிகபட்சம் 62 கே.பி. தட்டு சுழன்று வேகம் பிடிக்கணும், தலை நகரணும், கோப்பு அட்டவணையைத் திருத்தணும். ஒரு படத்துக்குப் பல வினாடி போய்விடும். உப்பு வாரும் பலகையை இழுக்கும் அசைவை ஒரு தடவை தவறவிட்டால் அடுத்த இழுப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெரிய பலவீனம்: 640 × 480

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 0.3 மெகாபிக்சல் என்று கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் எல்லா வேலைக்கும் அது குறைவு இல்லை.

சோதனைக்கு மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டேன். 3 சென்டிமீட்டர் உயர எழுத்து, தேய்ந்திருந்தாலும் படிக்க வேண்டும் என்றால் 30 புள்ளி உயரமாவது வேண்டும் என்பது என் அனுபவம். அதாவது மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. அப்போது ஒரு படத்துக்குள் 64 சென்டிமீட்டர் அகலம், 48 சென்டிமீட்டர் உயரம் அடங்கும். 6 மீட்டர் நீளச் சுவரில் ஒரு பட்டையை எடுக்க, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி, 12 படம் போதும். ஃபைன் தரத்தில் ஒரு ஃபிளாப்பிக்கு 15 முதல் 20 படம் பிடிக்கும். ஒரு பட்டைக்கு ஒரு டிஸ்க். மெனக்கெட்டால் நடக்கும் காரியம்தான். சாய்வு வெயிலில் எடுத்தபோது படிக்கவும் முடிந்தது.

கல்வெட்டு காத்திருக்கும். பக்கத்தில் போகலாம், துண்டு துண்டாக எடுக்கலாம், சரியில்லை என்றால் நாளைக்கு வரலாம். இன்றைக்கு நல்ல போன் கேமராவோடு போனாலும் அது அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே மாவிகாவின் குறை கல்வெட்டில் தீர்க்கக்கூடிய குறை.

இப்போ ஆட்களுக்கு வருவோம். பெரியவரின் படம் ஒன்றில் பன்னிரண்டு உப்பளத் தொழிலாளர்கள் குவியலுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். 5 மீட்டர் தள்ளி நின்று, லென்ஸை முழு அகலத்தில் வைத்து எடுத்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் சட்டகத்தின் அகலம் சுமார் 4.5 மீட்டர். ஒரு புள்ளிக்கு 7 மில்லிமீட்டர். 15 சென்டிமீட்டர் அகல முகம் 21 புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணுக்கு மூணு புள்ளி, நாலு புள்ளி.

வரிசையில் இடமிருந்து நாலாவது ஆள் இப்போது இல்லை. அவர் மனைவி அந்தப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிசு பண்ணிச் சட்டம் போட முடியுமா என்று கேட்டார். வேறு படம் அவரிடம் இல்லை. அவருடைய மகன் அதற்குள் போனில் ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, முகத்தைத் தெளிவாக்கிக் கொண்டுவந்து காட்டினான். பளிச்சென்று இருந்தது. இமை, மீசை முடி எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாருப்பா இது?" என்றார்.

அந்தக் கேள்வி தொழில்நுட்ப ரீதியாகவும் சரியான கேள்விதான். 21 புள்ளியில் இல்லாத தகவலை எந்த மென்பொருளும் மீட்க முடியாது. ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்றதை வைத்து இட்டு நிரப்பத்தான் முடியும். கடைசியில் பன்னிரண்டு பேரும் இருக்கும் முழுப் படத்தையே அஞ்சலட்டை அளவில் அச்சுப் போட்டுக் கொடுத்தேன். அந்த அளவில் அவர் நிற்கிற நிலையும் தலைத்துண்டு கட்டும் அடையாளம் தெரிகிறது. அதைச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஆக இந்தக் கேமராவின் குறை எல்லா இடத்திலும் ஒரே அளவு வலிக்கவில்லை. திரும்பப் போய் எடுக்க முடிந்த பொருளுக்கு 640 × 480 சமாளிக்கக்கூடியது. திரும்ப எடுக்க முடியாத மனுஷருக்கு அது கடைசி வார்த்தை.

பலவீனம்: பெயரும் தேதியும்

ஒவ்வொரு புது டிஸ்க்கிலும் கோப்புப் பெயர் 001-இலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறது. நாற்பது டிஸ்க் என்றால் நாற்பது 001. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். இன்றைய படங்களுக்குள் இருக்கும் எக்சிஃப் விவரமும் நான் திறந்த கோப்புகளில் இல்லை. எடுத்த நேரம் என்று இருப்பது டிஸ்க்கின் அட்டவணையில் கோப்புக்குப் பக்கத்தில் எழுதிய தேதி ஒன்றுதான். வாட்ஸப்பில் அனுப்பி, இன்னொருவர் இறக்கிச் சேமித்தால் அது போச்சு. 2004 டிசம்பர் 26-க்கு முந்திய கடற்கரையா, பிந்தியதா என்று ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

ஃபிலிமோடு ஒப்பிட்டால்

பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களின் நடுவிலிருந்து கோயில்களையும் சிற்பங்களையும் ஃபிலிமில் எடுத்துச் சேர்த்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஒரு 35 எம்.எம். நெகட்டிவை இன்று நல்ல ஸ்கேனரில் போட்டால் 20 மெகாபிக்சல் வரை எடுக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் 1990-களில் பழைய நூல்களைக் காக்க மைக்ரோஃபிலிமைத்தான் நம்பியது. பாதுகாப்பு என்ற கணக்கில் அவர்கள் செய்ததுதான் சரி.

ஆனால் மைக்ரோஃபிலிம் இயந்திரம் உப்பளத்துக்கு வராது. கணக்குப்பிள்ளை ஒருவர் ஃபிலிம் ரோல், கழுவுகிற செலவு எல்லாம் பார்த்திருந்தால் இந்தப் பன்னிரண்டு பேரையும் எடுத்திருப்பாரா? கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும்தான் ஃபிலிம் செலவழிப்பார்கள். வேலை நாளில், வேலை செய்கிற இடத்தில், கூலி ஆட்களை யாரும் அதிகம் எடுக்கவில்லை. அழித்து அழித்து எழுதக்கூடிய டிஸ்க் இருந்ததால்தான் அவர் எடுத்தார். அழிக்கவும் முடிந்ததால் எத்தனை போனது என்பது வேறு கதை.

என் தீர்ப்பு

படத்தின் தரத்துக்கு இதை யாரும் சிபாரிசு செய்ய முடியாது, 1997-இலும் முடியாது. ஆனால் அன்றைக்கு யாரும் எடுக்காததை எடுக்க வைத்தது என்ற ஒரே காரணத்துக்காக நான் இதற்குப் பாஸ் மார்க் போடுவேன். முதல் வகுப்பு போட முடியவில்லை. அந்த நாலாவது ஆள் இன்னும் இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றிருக்கலாம்.

உங்க வீட்டிலும் பழைய ஃபிளாப்பி இருந்தால் இப்போதே படித்துவிடுங்க. முதலில் எழுதவிடாமல் தடுக்கும் அந்தச் சின்னத் தாழைத் திறங்க. தட்டில் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீங்க, தலையும் சேர்ந்து கெட்டுவிடும். யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவில் போட்டு, கோப்பு கோப்பாக நகலெடுக்காமல், முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜாக எடுங்க. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கு நல்லது. அப்படிச் செய்தால் தேதியும் பத்திரமாக இருக்கும், பாதி படிக்கும் டிஸ்க்கிலிருந்தும் ஏதாவது தேறும். பிறகு டிஸ்க்குக்கு ஒரு ஃபோல்டர். மேலட்டையில் பேனாவில் எழுதியிருப்பதையும் போனில் ஒரு படம் எடுத்து அதிலேயே போட்டுவையுங்க. படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால், முதல் வேலை அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது. இந்தப் பன்னிரண்டு பேரில் எனக்கு இதுவரை ஒன்பது பெயர் கிடைத்திருக்கிறது.