கூலி கேளாப் பூதம்

எவ். ஆன்ஸ்ரியின் ‘பித்தளைக் குடுவை’ (1900) என்னும் மாயப் புனைகதை, 1964ஆம் ஆண்டின் ஹொலிவூட் படத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தபோது, எம். வி. ராமனின் ‘பட்டணத்தில் பூதம்’ (1967) ஆயிற்று. நாவலின் நாயகன் வேலை கிட்டாத கட்டடக் கலைஞன். பூதம் மாயத்தால் எழுப்பிய மாளிகை அவனது தொழிலுக்கே கேடாகிறது. உழைப்பின்றி வரும் செல்வத்தை ஆன்ஸ்ரி எள்ளி நகையாடுகிறார். திரைப்படத்திலோ அவ்வெள்ளல் மங்கிவிடுகிறது. கூடைப்பந்தாட்ட வெற்றியையும் பூதமே ஈட்டித் தருகிறது.

பூதம் யார்? கூலி கேளாத, சங்கம் அமைக்காத தொழிலாளி, முதலாளியின் நெடுங்கனவு. திருகோணமலைத் துறைமுகத்து உழைப்பாளர் இதனை எளிதில் உணர்வர். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை எழுப்பியது பூதமன்று, மனிதக் கரங்களே.

சிறுவர்க்கான மாயக்கதையைத் திரைக்கு ஆக்குவோர் மாயத்தைக் கைவிட வேண்டும் என்பதன்று எமது கருத்து. மாயத்தின் பின்னே மறைந்துள்ள உழைப்பு யாருடையது எனச் சிறுவர் வினவ இடமளித்தல் வேண்டும் என்பதே.