நாவலும் நாவலனும்: திருநாவலூர்ப் பதிகத்துச் சொல்லாட்சி

ஒரு வினாவிற்கு ஒரு விடையே உண்டு என்னும் எண்ணம் இந்நாளில் தமிழ் பயில்வாரிடையே வேரூன்றி வருகின்றது. பொது அறிவு வினாவிடைச் சுவடிகள் அதற்கு உரமிட்டு வளர்க்கின்றன. வன்றொண்டர் எனப்படுபவர் யார்? இந்தளம் என்பது யாது? திருநாவலூர் எதனாற் பெயர் பெற்றது? இவற்றிற்கு ஒவ்வொரு சொல்லால் விடையிறுத்து மாணவர் மேற்செல்கின்றனர். இத்தகைய வினாக்களை யாம் இழித்துரைக்க வரவில்லை. சிறு வினா பெருநூலுக்கு வாயிலாதலும் உண்டு; விடை கண்டவுடன் வாயிலை அடைத்துவிடுதலே பிழை. அப்பிழையை யாமே செய்தோமாகலின் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

சில யாண்டுகட்கு முன் முதுகலை மாணவர்க்கு யாம் அமைத்த வினாத்தாளில், 'திருநாவலூர் எதனாற் பெற்ற பெயர்?' என்பது ஒரு மதிப்பெண் வினா. 'நாவல் மரத்தால்' என்பது எம் விடைக்குறிப்பு. ஒரு மாணவி, 'வழக்காடி வென்ற இறைவனின் நாவன்மையால்' என எழுதியிருந்தார். யாம் அதனை அடித்துவிட்டோம். பதிகத்தைப் படித்தே அவ்வாறு எழுதியதாக அவர் கூறியபோதும், குறிப்பில் இல்லாததை ஏற்றல் இயலாது என்று விடுத்தோம். பின்னர் ஏழாம் திருமுறையைப் பாடஞ்சொல்லும் வாய்ப்பு நேர்ந்தபொழுது அவர் கூற்று எம் நெஞ்சில் முள்ளெனத் தைத்தது. அம்மாணவியின் விடை முற்றும் பிழைதானா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளது. பண்டு திருமுனைப்பாடி நாட்டைச் சார்ந்தது. ஆதிசைவ மரபினராகிய சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாராகச் சுந்தரர் தோன்றியதும், நரசிங்கமுனையரையர் என்னும் குறுநில மன்னரால் வளர்க்கப்பெற்றதும் இவ்வூரிலேயாம். சோழர் காலக் கல்வெட்டுக்கள் இவ்வூர்க் கோயிலைத் திருத்தொண்டீச்சரம் எனக் குறிக்கின்றன. கோயிலின் தலமரம் நாவல். ஆதலின் நாவல் மிக்க ஊர் நாவலூர் என்பது நேரிய சொற்பிறப்பு. ஆலங்காடு, பனையூர், கடம்பூர் முதலிய ஊர்ப்பெயர்களும் மரங்களையடுத்து எழுந்தனவேயன்றோ? பிற்காலத்தில் இப்பெயர் 'திருநாமநல்லூர்' எனவும் மருவி வழங்கியது. பழைய கல்வெட்டுப் பதிப்புக்களில் அப்பெயரையே காண்கிறோம். மரம் மறைந்து நாமம் வந்து புகுந்த அம்மாற்றம், பொருள் மறந்த பெயர் வேறொரு பொருளைத் தானே தேடிக்கொள்ளும் என்பதற்குச் சான்றாகும்.

இதுகாறும் எம் விடைக்குறிப்பே வென்றது. இனிப் பதிகத்தை நோக்குவாம்.

நட்டராகப் பண்ணில் அமைந்த திருநாவலூர்ப் பதிகத்தின் முதற்பாட்டில் இறைவன் முப்புரத்தை ஓரம்பினால் எரித்த செயல் கூறப்படுகின்றது. அதனையடுத்து அவன் 'ஏவலனார்' எனப்படுகின்றான். பின்னர், வெண்ணெய்நல்லூரில் வைத்துத் தம்மை ஆட்கொண்டவன் என்று சுந்தரர் கூறி, அவனை 'நாவலனார்' என்கின்றார். அதன் பின்னரே ஊர்ப்பெயர் வருகின்றது. 'நாவலனார்' என்பதற்கு நாவலின்கண் உறைபவர் என்றே பொருள் கொள்ளலாம் எனின், அப்பொருள் பொருந்தாமையில்லை. ஆயின் முன்னின்ற 'ஏவலனார்' என்பதை நோக்குக. ஏ என்பது அம்பு. ஏவலனார் என்பது அம்பெய்தலில் வல்லவர் எனப் பொருள்படும். எதுகையால் மட்டுமன்றிச் சொல்லமைப்பாலும் அதனோடு இணைந்து நிற்கும் நாவலனார் என்பது நாவினால் வல்லவர் என்றே முதற்கண் பொருள்படுதல் வேண்டும். முப்புரத்தை வென்றது ஏவன்மை. தம்மை வென்றது நாவன்மை என்பது புலவர் கருத்தாதல் தெளிவு.

இரண்டாம் பாட்டு இதனை வலியுறுத்துகின்றது. தம்மை ஆட்கொண்ட நாளில் அவைமுன் தாம் வன்சொற்கள் பேசியதையும், அதன் பயனாக வன்றொண்டன் என்னும் வாழ்வு தமக்குக் கிடைத்ததையும் சுந்தரர் அதன்கண் எடுத்துரைக்கின்றார். அவை, வன்சொல், ஆட்கொள்ளல் ஆகிய மூன்றும் ஒருங்கு வருதலின் வழக்காடு களமே புலவர் உள்ளத்தில் நின்றது என்பது போதரும். திருக்கோலக்காப் பதிகத்திலும் உலகத்தார் முன் ஆவணங் காட்டித் தம்மை ஆளாகக் கொண்டு வெண்ணெய்நல்லூரில் மறைந்தவன் என்று இறைவனைக் குறிப்பர். எனவே வழக்கின் கரு சேக்கிழார் புனைந்ததன்று. சுந்தரர் வாய்மொழியிலேயே உளது.

கி.பி. 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் அக்கருவைப் பெருங்காட்சியாக வளர்த்தார். புத்தூரில் திருமணம் நிகழவிருக்கும் வேளையில் முதிய அந்தணர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கின்றார். சுந்தரர் அவரைப் பித்தன் என இகழ்ந்து, ஓலையைப் பறித்துக் கிழிக்கின்றார். கிழிந்தது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உளது என்றும் முதியவர் கூற, வழக்கு வெண்ணெய்நல்லூர் அவையை அடைகின்றது. ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூவகைச் சான்றும் ஆண்டுப் பேசப்படுகின்றன. பாட்டனாரின் கையெழுத்து ஒப்பிட்டு நோக்கப்படுகின்றது. முதியவர் வெல்கின்றார். வில்லேந்தாத இறைவன் சொல்லேந்தி வென்ற இடம் இது. 'நாவலனார்' என்னும் ஒரு சொல்லின் விரிவே தடுத்தாட்கொண்ட புராணத்தின் இப்பகுதி எனினும் மிகையாகாது.

மரமும் நாவன்மையும் ஒலியொப்புமையால் மட்டுமே இணைந்தனவா என்பது அடுத்த வினா. எம் கருத்தில் அன்று. நாவலை வாதத்தோடு சேர்த்து நினைக்கும் மரபு பழமையானது. பௌத்த மரபில் குண்டலகேசி, ஊர்தோறும் மணற்குவியலில் நாவற்கிளையை நட்டு, வல்லார் வந்து வாதிடுக என அறைகூவியதாகக் கூறுவர். சாரிபுத்தர் அதனை ஏற்று வென்றார் என்பது பாலி உரைநூல்களின் செய்தி. மணிமேகலையில் நாவலந்தீவின் காவற்றெய்வம் நாவல் மரத்தின்கீழ் இருத்தலைக் காண்கிறோம். முத்தொள்ளாயிரத்தில் உழவர் களத்திற் போரேறி எழுப்பும் 'நாவலோ' என்னும் பேரொலி, யானைமேலிருந்து விளிக்கும் போர்க்கூவலுக்கு ஒப்பிடப்படுகின்றது. உழவர் குரலுக்கும் மரப்பெயருக்கும் பிறப்புத் தொடர்பு உண்டு என யாம் துணியவில்லை. அறைகூவலோடு இவ்வொலி இயைந்து வழங்கியது என்பதே யாம் கொள்வது.

நாட்டு வழக்கிலுள்ள ஒளவையார் கதையையும் ஈண்டு நினைக. நாவல் மரத்தின்மேல் இருந்த ஆயச் சிறுவன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என வினவுகின்றான். புலமையிற் சிறந்த மூதாட்டி அவ்வொரு சொல்லில் தோற்கின்றார். சிறுவன் முருகன் எனப் பின்னரே தெளிகின்றார். மாறுவேடத்தில் வந்த இறைவன், கல்வியிற் செருக்கிய அடியவர், சொல்லால் நேரும் தோல்வி, தோல்வியே அருளாதல் என இக்கதையின் உறுப்புக்கள் அனைத்தும் வெண்ணெய்நல்லூர் வழக்கிலும் உள. இரண்டிலும் நாவல் நிழலாடுகின்றது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று கூறச் சான்றில்லை. தமிழர் நினைவில் நாவல் நாவன்மைக்கு நிலைக்களமாயிற்று என்ற அளவிலே அமைவாம்.

இந்நினைவை இக்காலத்தில் பொதுமக்களிடம் சேர்த்தவை திரைப்படங்களும் இசையுமே. 1953இல் வெளிவந்த 'ஒளவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் பாடி நடித்தமையால் ஒளவையின் குரல் என்றாலே அவர் குரலை நினைப்போர் பலராயினர். 1967இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய 'திருவருட்செல்வர்', கே. வி. மகாதேவன் இசையோடு, தடுத்தாட்கொண்ட வரலாற்றைத் திரைக்குக் கொணர்ந்தது. சிவாசி கணேசன் சுந்தரராகத் தோன்றினார். புலமையுலகம் இவற்றை எளிதிற் புறக்கணிப்பதுண்டு. ஆயின் சொற்போரைச் சொற்போராகவே மக்கள் செவிக்கு ஊட்டியதில், எம் விடைக்குறிப்பினும் அப்படம் பதிகத்திற்கு அணுக்கமாயிற்று என ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இசைமுறையிலும் ஒன்று கருதத்தக்கது. வெண்ணெய்நல்லூரிற் பாடிய முதற்பதிகத்தின் பண் இந்தளம். ஓதுவார் மரபில் அஃது இன்று மாயாமாளவகௌளையாகப் பாடப்படுகின்றது. இசை பயிலும் சிறுவர்க்கு முதற்பாடமாகும் சரளிவரிசையும் அவ்விராகத்திலேயே கற்பிக்கப்படுதலின், 'பித்தா' என்னும் விளி பலர் நாவில் இளமையிலேயே பதிந்துவிடுகின்றது. பித்து என்பது நோயைக் குறிக்கும், வசையைக் குறிக்கும், 'பெற்ற மனம் பித்து' என்னுமிடத்து அளவிறந்த அன்பைக் குறிக்கும். அவையில் வசையாகப் பிறந்த சொல் பண்ணோடு கூடியவழி அன்பாயிற்று. அப்பதிகத்தில் வழக்கின் நிகழ்ச்சிகள் விரிக்கப்படவில்லை. முன்னரே ஆளாகிய தாம் இனி மறுத்தல் தகுமோ என்னும் ஏக்கமே மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது. தோற்றவன் தோல்வியைப் பாடும்பொழுது வழக்கு வேண்டப்படுவதில்லை. பிறந்த ஊரைப் பாடும்பொழுதோ, வென்றவனின் நாவன்மை ஊர்ப்பெயரோடு சேர்ந்து நினைவிற்கு வருகின்றது. இவ்வேறுபாடு புலவரின் உள்ளநிலையை உணர்த்தும் நுண்ணிய சான்றாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, சொற்பிறப்பும் சொல்லாட்சியும் வேறு வேறு என்பது புலனாகும். நாவலூர் என்பதன் பிறப்பு மரத்திலேயே உளது, அதனை மாற்றவேண்டுவதில்லை. ஆனால் அவ்வூரிற் பிறந்த புலவர் அப்பெயரைத் தம் நாவில் ஏற்றபொழுது, தம்மை வென்ற நாவையும் அதனுள் அமைத்தார். மரத்தை மட்டும் அறிந்தவர் ஊரை அறிந்தவராவர். நாவலனாரையும் அறிந்தவரே பதிகத்தை அறிந்தவராவர்.

எம் மாணவியின் விடை சொற்பிறப்பென்ற அளவிற் பிழை. இலக்கியமென்ற அளவிற் பிழையன்று. பதிகத்தைப் படித்து எழுதியவர் அவர். குறிப்பைப் பார்த்து அடித்தவர் யாம். ஆவணமும் காட்சியும் அவர் பக்கம் இருந்தன. எம் பக்கம் இருந்தது ஆட்சி ஒன்றே. அம்மதிப்பெண்ணை இனி வழங்க வழியில்லை. இக்கட்டுரையையேனும் அவர் பக்கத்துச் சான்றாக வைக்கின்றோம்.