91-ஆம் இடத்தில் ஃபோர்டு

மைக்கேல் ஹார்ட் எழுதிய 'தி 100' புத்தகத்தைக் கையில் எடுக்கிற யாரும் முதலில் செய்வது ஒன்றுதான். நம்ம ஆள் எத்தனையாவது இடம்னு தேடுவது. நானும் அதையேதான் செய்தேன். 1978-ல் வந்த புத்தகம், 1992-ல் திருத்திய பதிப்பு. நபிகள் நாயகம் முதலிடம், நியூட்டன் இரண்டு, இயேசு மூன்று. இந்த மூன்று இடங்களை வைத்தே இன்றைக்கு வரை சண்டை ஓயவில்லை. நம் துணைக்கண்டத்திலிருந்து புத்தர், அசோகர், மகாவீரர். தமிழர் ஒருவரும் இல்லை. காந்திகூட நூறுக்கு வெளியேதான்.

1992 பதிப்பில் புதிதாக உள்ளே வந்தவர்களில் ஒருவர் ஹென்றி ஃபோர்டு. இடம் 91. அந்தப் பக்கம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்த ஸ்டேஷன் மறைமலை நகர். ஃபோர்டு தொழிற்சாலை இருந்த ஊர். சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாகப் போகிற ரோட்டின் மறுமுனை ஸ்ரீபெரும்புதூர். மரபுப்படி 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர். ஃபோர்டை அடித்துவிட்டு அந்த இடத்தில் ராமானுஜரை எழுதணும்னுதான் முதலில் தோன்றியது. யோசிக்க யோசிக்க, அதுவும் ஹார்ட் செய்த அதே தப்புதான் என்று படுகிறது.

ஹார்ட்டைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். 'பெரியவர்' வேறு, 'பாதித்தவர்' வேறு என்று பிரித்தார். அதனால்தான் ஹிட்லரும் ஸ்டாலினும் பட்டியலில் இருக்கிறார்கள். காகிதம் செய்த சீனாவின் சாய் லுன்னுக்கு ஏழாம் இடம் தந்தார். அந்தப் பெயரே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். இந்த ஆள் இல்லாவிட்டாலும் அது நடந்திருக்குமா என்ற கேள்வியையும் எழுப்புகிறார். புத்தகத்தின் ஆகச் சிறந்த கருவி அந்தக் கேள்விதான்.

அதையே ஃபோர்டிடம் கேட்டுப் பார்ப்போம். 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு சேஸிஸ் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம் சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஆனால் அந்த யோசனைக்குச் சிகாகோ இறைச்சிக்கூடங்கள் ஒரு முன்மாதிரி. லைனை அமைத்துப் பார்த்தவர்கள் அவரிடம் வேலை செய்த என்ஜினியர்கள். அந்த வேகம் தாங்காமல் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். சுமார் 14,000 பேர் வேலைக்கு, அந்த ஒரே வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் வந்த புகழ்பெற்ற ஐந்து டாலர் தினக்கூலிக்கு முக்கியமான காரணம் இது. ஃபோர்டைப் பாதித்தவர்கள் இவர்கள். இவர்களுக்கு எத்தனையாவது இடம்?

ராமானுஜரையும் இப்படித்தான் பார்க்கணும். வைணவ மரபே அவரைத் தனியாளாகச் சொல்வதில்லை. அவருக்கு முன்னே நாதமுனிகளும் ஆளவந்தாரும். வழிகாட்டியாகத் திருக்கச்சி நம்பி. ஸ்ரீபாஷ்யம் சொல்லச் சொல்ல எழுதியவர் கூரத்தாழ்வான் என்கிறது மரபு. குருபரம்பரை என்பது ஒரு சங்கிலி. அதிலும் விட்டுப்போனவர்கள் உண்டு. ஆனாலும் ஒருவரை மட்டும் பிய்த்தெடுத்து நம்பர் போடுவதில்லை.

ஹார்ட் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. மறைமலை நகரில் 2022 ஜூலையோடு ஃபோர்டு கார் உற்பத்தி நின்றது. ஆனாலும் ஒரகடம் பக்கம் வேறு கம்பெனிகளில் லைன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கம்பெனி போயிடுச்சு, முறை போகலை. பாதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று கணித்ததில் ஹார்ட் சரி. அது யாருடையது என்று ஒரே பெயரில் பட்டா எழுதியதில்தான் தவறு.

இது வெறும் பட்டியல் விளையாட்டு இல்லை. இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால், காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர் எப்போதும் பாதிக்கப்படுகிறவர் மட்டும்தான், பாதிக்கிறவர் ஆகவே முடியாது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கை சங்க அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதைச் செய்தவர் யாருன்னு கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. ஹார்ட்டின் நூறு வரிசையில் அதை எழுத ஒரு வரிகூட இல்லை.

புத்தகத்தைப் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே, கூட யார் இருந்தாங்கன்னு பென்சிலால் எழுதிக்கொண்டே படியுங்கள்.