காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம்: ஒரு மதிப்பீடு

மணிமுத்தாற்றுக்குக் கிழக்கே, தாமிரபரணி வளம் பெறும் காருகுறிச்சியைச் சேர்ந்தவர் நாகசுரக் கலைஞர் அருணாசலம் (1921–1964). டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இவர் வாசித்த ஆபேரி ராகப் பாடலே பலருக்கும் தெரியும். அந்தப் புகழே இவரை முழுமையாக மதிப்பிடத் தடையாகவும் இருக்கிறது.

பாடலில் நாகசுரம் குரலுக்கு இணையாகக் குழைகிறது. அந்தக் குழைவு எளிதில் வாய்ப்பதன்று. ஆனால் நாகசுரம் திறந்த வெளிக்கான கருவி. ஒத்து, தவில், தாளம் சேர்ந்த மேளத்தில்தான் அதன் முழு வீச்சு தெரியும். வியன்னாவில் இரண்டாம் ஜோசப் மன்னர் 1782-இல் அமைத்த எண்மர் காற்றிசைக் குழுவில் ஓபோ, கிளாரினெட், கொம்பு, பசூன் ஆகியவை இவ்விரண்டாக அமர்ந்து இசையைப் பங்கிட்டுக்கொண்டன. ஓபோவும் நாகசுரம்போல் சீவாளியால் ஒலிப்பதே. மேளத்தில் அத்தகைய பங்கீடு இல்லை. ராகம் முழுவதும் நாகசுரத்தின் பொறுப்பு. ஆலாபனையின் இடையிடையே தவில் புகுந்து முழங்கும். ஒத்து மூச்சுவிடாமல் சுருதி பிடிக்கும். திரைப்பாடலின் சில நிமிடங்களில் இதற்கு இடமேது? இனிமை மட்டுமே இவர் கலை என்று எண்ணுவோர், இவருடைய கச்சேரி ஒலிப்பதிவுகளில் ஒரு ராக ஆலாபனையையாவது முழுதாகக் கேட்க வேண்டும்.