பலகையில் காப்புரிமை, பட்டறையில் என்ன?

சென்ற மாதம் கோவைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், கொங்கு வட்டாரத்தில் இதே மாதிரி நிறைய உண்டு. முகப்புக் கூடத்தில் ஒரு பெரிய பலகை. இத்தனை காப்புரிமை விண்ணப்பம், இத்தனை வெளியானவை, இத்தனை வழங்கப்பட்டவை என்று எண்கள். கூட வந்தவர் கணபதியில் பம்பு மோட்டார் பட்டறை வைத்திருக்கும் நண்பர். நிதானமாகப் படித்துவிட்டுப் பேராசிரியரிடம் கேட்டார்: “ஏனுங்க சார், இதுல எதுனாச்சும் ஒண்ணை யாராச்சும் ஓட்டிப் பாத்திருக்காங்களா?”

“அதுக்கு இண்டஸ்ட்ரிதான் முன்வரணும்” என்றார் பேராசிரியர். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் இண்டஸ்ட்ரிதான். அந்தக் கல்லூரியிலிருந்து அவர் பட்டறைக்கு இதுவரை வந்தவர்கள், இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கேட்ட மாணவர்கள் மட்டுமே.

இந்தப் பலகை எப்படி முளைத்தது என்று பார்த்தால் பேராசிரியரைக் குறை சொல்லத் தோன்றாது. என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில் வெளியான காப்புரிமைக்கும் வழங்கப்பட்ட காப்புரிமைக்கும் மதிப்பெண் உண்டு. 2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. ‘வெளியானது’ என்பதன் பொருளையும் கவனிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்து 18 மாதம் கழிந்தால் அது தானாகவே இதழில் வெளியாகிவிடும். தனியாகக் கேட்டுப் பணம் கட்டினால் இன்னும் சீக்கிரம் வெளியாகும். கண்டுபிடிப்பு புதியதா, பயன்படுமா என்று அந்தக் கட்டத்தில் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். மதிப்பெண் கிடைக்கும், செலவும் குறைவு என்றால் எந்தக் கல்லூரியும் அதைத்தான் செய்யும்.

நம் நாட்டுக் கொள்கையிலும் இதே மயக்கம் இருந்தது. அமெரிக்காவில் 1980-ல் வந்த பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ள வழிசெய்தது. அதைப் பார்த்து இங்கும் ஒரு மசோதா 2008 டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்தது. சட்டமாகாமலே 2014-ல் திரும்பப் பெறப்பட்டது. உரிமை யாருக்கு என்று தீர்ந்துவிட்டால் கண்டுபிடிப்பு தானே சந்தைக்கு நடந்து போய்விடும் என்ற நம்பிக்கைதான் அதன் அடித்தளம். அந்த நம்பிக்கை பிழை என்று காட்ட வெளியூர் உதாரணம் தேவையில்லை. கோவைக்குள்ளேயே இருக்கிறது.

1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. இங்கே கரும்பு நன்றாகப் பூக்கும்; கலப்பினம் செய்ய அது வசதி. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற பருமனான கரும்பையும், நாணல் போல வளரும் காட்டுக் கரும்பையும் சேர்த்தார்கள். அதில் பிறந்த கோ 205, 1918-ல் வட இந்திய வயல்களுக்குப் போனது. அதன்பின் வந்த ‘கோ’ ரகங்கள் உலகின் பல கரும்பு நாடுகளுக்கும் பரவின. பெயரிலேயே கோயமுத்தூர்! இதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது. ஆனாலும் ஒரு இந்திய ஆய்வகத்திலிருந்து இந்த அளவுக்குத் தொழிலுக்குப் போய்ச் சேர்ந்த வேறொன்றைச் சட்டென்று சொல்ல முடியவில்லை.

எப்படிப் போய்ச் சேர்ந்தது? கலப்பினம் கோவையில், சோதனை அந்தந்த ஊர் மண்ணில் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இன்றும் மற்ற மாநில ஆய்வு நிலையங்கள் கோவையில் செய்த கலப்பினத்தின் விதையை வாங்கிப் போய், தங்கள் வயலில் வளர்த்துத் தேர்வு செய்கின்றன. எதிர்ப்பக்கம் வாங்கும் கையும் தயாராக இருந்தது. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்கு இறக்குமதிப் பாதுகாப்பு கிடைத்தபின் ஆலைகள் சில ஆண்டுகளிலேயே முப்பது சொச்சத்திலிருந்து நூற்றைத் தாண்டின. விஞ்ஞானிகளின் திறமை மட்டும் என்று சொன்னால் அது பாதிக் கதைதான்.

கொடுத்தபின்னும் வேலை முடியவில்லை. இதே நிலையத்தின் கர்னால் மையத்தில் உருவாகி 2009-ல் வெளியான கோ 0238, உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. பிறகு செவ்வழுகல் நோய் தாக்கியது. ரகத்தைக் கொடுத்தவர்களே மாற்று ரகத்தோடும் ஆலோசனையோடும் திரும்ப வயலுக்குப் போக வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து, மறந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை இது.

இன்னொரு உதாரணம் அவிநாசி சாலையில் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய சிட்ரா, ஆலைகளே உறுப்பினராக இருக்கும் ஆராய்ச்சிச் சங்கம். 100 கிலோ நூல் நூற்க எத்தனை ஆள்-மணி ஆகிறது என்பது போன்ற கணக்கை ஆலைகளிடம் வாங்கி, ஒப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். எந்த ஆலைக்கு எங்கே வலிக்கிறது என்று ஆய்வாளருக்கு முன்கூட்டியே தெரியும். மருந்து பிறகு வரும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகத் தென்னை டானிக் தெரியும் என்பார். பென்சில் பருமனில் இளம் வேரைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, டானிக் பையைக் கட்டிவிடும் முறையும் கைவந்திருக்கும். காப்புரிமை எண் கேட்டால் சிரிப்பார்.

“கரும்பும் தென்னையும் சரி, பொறியியலில் அப்படி நடக்குமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சர்க்கரை ஆலை பெரியது. கணபதி, பீளமேடு பட்டறைகள் சின்னவை. ஒரு புது வடிவமைப்பைச் சோதிக்க அச்சு செய்து, நாலு பம்பு வார்த்து, தோற்றுப்போனால் தாங்குகிற வசதி அவர்களுக்கு இல்லை. கல்லூரி நிற்கும் இடத்துக்கும் பட்டறை நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் முழுக் கேள்வியும். பி.எஸ்.ஜி. வளாகத்தில் 1926-லேயே தொழிற்கூடம் வந்தது. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது 1951-ல். பட்டறை முதலில், வகுப்பறை பிறகு. பின்னால் வந்த பல கல்லூரிகளில் வகுப்பறையோடு கதை நின்றுவிட்டது.

எனக்குத் தோன்றுவது மூன்று.

ஒன்று, பலகையில் இன்னொரு வரி வேண்டும்: ‘பயன்பாட்டில் உள்ளவை’. புதுத் தகவல் எதுவும் திரட்ட வேண்டாம். காப்புரிமை பெற்றவர் அது நடைமுறையில் உள்ளதா என்று படிவம் 27-ல் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் இருந்த இந்தக் கடமை 2024 முதல் மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. அதையே கல்லூரி தன் தளத்தில் போடட்டும். தரவரிசையும் அதை எண்ணட்டும்.

இரண்டு, உரிமத்தை ஒரே நிறுவனத்துக்கு விற்காமல் சின்னக் கட்டணத்தில் பலருக்குக் கொடுக்கலாம். மரபணுப் பிணைப்புக்கான கோஹன்-பாயர் காப்புரிமையை ஸ்டான்ஃபோர்ட் அப்படித்தான் கொடுத்தது. தொடக்கக் கட்டணம் 10,000 டாலர். நானூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாங்கின. மொத்த வருமானம் 25 கோடி டாலரைத் தாண்டியது. நூற்றுக்கணக்கில் சிறு பட்டறைகள் உள்ள ஊருக்கு இதுதான் பொருந்தும்.

மூன்று, விண்ணப்பிக்கும் முன் கண்டுபிடிப்பு ஒரு பட்டறையில் ஒரு மாதம் ஓட வேண்டும். அந்த மாதத்து அச்சுக் கூலியையும் வார்ப்புச் செலவையும் கல்லூரி ஏற்கட்டும். பேராசிரியர் வாரம் ஒரு நாள் அங்கே நின்றால் அது பதவி உயர்வுக் கணக்கில் சேரட்டும். இப்போது சேர்வது விண்ணப்ப எண் மட்டும்.

திரும்பி வரும்போது நண்பர் சொன்னார்: “எனக்கு ஓசி வேண்டாமுங்க. காயில் சூடாகுறதுக்கு ஒரு வழி சொன்னாங்கன்னா காசு குடுத்தே வாங்கிக்குவேன். ஆனா யாரும் வந்து கேக்கலையே.” அந்தப் பலகையில் இருந்த தலைப்புகளில் மோட்டார் சுருள் சூடு பற்றியும் ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டர்.