வேதாளம் கேட்கும் கேள்வி

பெருங்குடியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலைகளில் கதை வாசிக்கிறேன். கையில் பழைய அம்புலிமாமா. 1947-இல் சென்னையில் பிறந்த இதழ் அது. தோளில் வேதாளம், கையில் உருவிய வாள்: ஓவியர் சங்கர் வரைந்த அந்த விக்கிரமனைக் கண்டதுமே பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் கதைகளின் அழகு முடிவில் வரும் கேள்வியில் இருக்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும் என்று வேதாளம் மிரட்டும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன்.

தலை மாறிய கதையை வாசித்த அன்று பெரிய வழக்கே நடந்தது. ஒரு பெண் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள்: கணவன் தலை இன்னொருவன் உடலில்; கணவன் உடலில் மற்றவன் தலை. யார் அவளுக்குக் கணவன்?

"தலை இருக்கிறவன்தான் மாமா. ஞாபகமெல்லாம் அங்கதானே இருக்கு?"

"தாலி கட்டின கை உடம்போடதானே இருக்கு?" என்று மடக்கினாள் ஓர் ஆறாம் வகுப்புச் சிறுமி.

"அவ ஏன் மாத்தி வெச்சா? அந்த இடத்தைத் திரும்பப் படிங்க" என்றது ஒரு வாண்டு.

அந்த 'திரும்பப் படிங்க'தான் நான் காத்திருந்த சொல். பாடத்தில் விடை வரியைத் தேடி அடிக்கோடிடும் பிள்ளைக்கு அது வாய்க்காது. தலையே பிரதானம் என்பது விக்கிரமனின் தீர்ப்பு. அந்தச் சிறுமி இன்னும் ஏற்கவில்லை.

வீட்டில் கதை வாசிப்பவர்களே, விக்கிரமன் வாய் திறக்குமுன் ஒருமுறை புத்தகத்தை மூடிப் பாருங்கள்.