ரொட்டி இல்லாத பட்டியல்: ராபன் தீவுச் சுற்றுலாவை வாசித்தல்

ஒரு சுற்றுலாவை இலக்கியப் பிரதி மாதிரி வாசிக்க முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வேன். பஸ் எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் ஓடுகிறது, எதற்கு இருபது நிமிஷம், எதற்கு ஒரு நிமிஷம், யார் பேசுகிறார், யார் போட்டோ எடுக்கிறார் என்பதெல்லாம் ஒரு கதையாடலின் இலக்கணம்தான். இந்த இலக்கணத்தைச் செய்தவர்கள் யார் என்று கேட்பது விமர்சகருடைய வேலை.

ஒரு கூட்டத்துக்காக கேப் டவுன் போயிருந்தேன். கடைசி நாள் சும்மா இருந்தது. துறைமுகத்தில் நெல்சன் மண்டேலா பெயரில் உள்ள வாசலிலிருந்து படகு புறப்படுகிறது. போகவரப் படகையும் சேர்த்து மொத்தம் மூன்றரை மணி நேரம். உள்நாட்டுக்காரர்களுக்கு டிக்கெட் விலை குறைவு, நம்மைப் போன்றவர்களுக்குக் கூட. அது நியாயந்தான். தீவில் இறங்கியதும் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். பஸ்ஸில் பேசுகிறவர் இளவயதுக்காரர், படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறார். சிறைக்குள்ளே கூட்டிப் போகிறவர் மட்டும் அங்கேயே கைதியாக இருந்தவர். இந்த வேலைப் பிரிவினையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

டச்சுக்காரன் காலத்திலிருந்தே வேண்டாதவர்களைக் கொண்டுபோய்த் தள்ளுகிற இடம் இது. 1846 முதல் 1931 வரை தொழுநோயாளிகளையும் மனநோயாளிகளையும் இங்கே அடைத்தார்கள். தொழுநோயாளிகள் கட்டிய தேவாலயம் ஒன்று இன்றும் நிற்கிறது. அவர்களுடைய கல்லறைகளையும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். 1960களில் அரசியல் கைதிகள் வந்தார்கள். தீவிலேயே கல் உடைத்து, தங்களை அடைக்கப்போகிற சிறையைக் கைதிகளே கட்டினார்கள். கடைசி அரசியல் கைதிகள் 1991இல் வெளியேறினார்கள். 1997 முதல் அருங்காட்சியகம், 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உலகப் பாரம்பரியச் சின்னம்.

சிறைக்குள் எல்லாரும் போக அவசரப்படுவது மண்டேலாவின் அறைக்குத்தான். அவர் 27 வருஷச் சிறைவாசத்தில் 18 வருஷம் இருந்தது இந்தத் தீவில். கம்பி வழியாக உள்ளே பார்த்தால் ஒரு பாய், போர்வை, சின்ன மேசை, ஒரு வாளி. வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு முன்னால் ஒரு பொது அறையில் பார்த்த உணவுப் பட்டியல். கைதிகளுக்குத் தினமும் எவ்வளவு சாப்பாடு என்று அவுன்ஸ் கணக்கில் எழுதிய பலகை அது. இரண்டு பத்தி. ஒன்று ‘கலப்பினத்தவர், ஆசியர்’. இன்னொன்று ‘பாண்டு’, அதாவது ஆப்பிரிக்கர். முதல் பத்தியில் ரொட்டி உண்டு, ஜாம் உண்டு. இரண்டாவதில் ரொட்டி இல்லை, ஜாம் இல்லை. இறைச்சியிலும் கொழுப்பிலும் சர்க்கரையிலுங்கூட ஒரு பிடி குறைவு. கேட்டால் ஆப்பிரிக்கர்களுக்கு ரொட்டி பிடிக்காதாம், அது வெள்ளைக்காரன் ருசியாம். இப்படித்தான் அதிகாரிகள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். துணியிலும் இதே கதைதான். இந்தியரான அகமது கத்ராதாவுக்கு முழுக்கால்சட்டை, அவரைவிட மூத்தவரான மண்டேலாவுக்கு அரைக்கால்சட்டை. ஆப்பிரிக்கன் எத்தனை வயசானாலும் ‘பையன்’தானே! ரிவோனியா வழக்கில் 1964இல் இவர்களோடு ஒரே கூண்டில் நின்று ஒரே ஆயுள் தண்டனை வாங்கிய டெனிஸ் கோல்ட்பர்க் இந்தத் தீவுக்கே வரவில்லை. அவர் வெள்ளையர், அவருக்குப் பிரிட்டோரியாவில் வேறு சிறை. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்று ஆனது 1979இல்தான்.

படிநிலைப்பட்ட அசமத்துவம் என்று அம்பேத்கர் சொன்னதற்கு இதைவிடச் சின்ன, இதைவிடத் தெளிவான வரைபடத்தை நான் பார்த்ததில்லை. எல்லாரையும் ஒரேயடியாக நசுக்கினால் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள். கால்சட்டையில் அரை முழம் துணியைக் கூட்டிக் கொடு, ஒரு துண்டு ரொட்டியைக் கொடு, கொடுக்காதே. அவனவன் தனக்குக் கீழே இருப்பவனைப் பார்த்துக்கொள்வான். அரசியல் கைதிகள் அந்த ரொட்டியைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதும் வரலாறுதான். வழிகாட்டி அதைச் சொல்லும்போது கூட்டம் தலையாட்டுகிறது, நெகிழ்கிறது. அத்தோடு சரி. பலகை எதற்காக எழுதப்பட்டது என்ற கேள்வி அந்த நெகிழ்ச்சியில் கரைந்துபோகிறது.

அந்த ‘ஆசியர்’ பத்தியில் நம் ஆட்களும் உண்டு. இந்திரஸ் நாயுடு 1963 முதல் 1973 வரை பத்து வருஷம் இங்கே கல் உடைத்தவர். காந்தியோடு தென்னாப்பிரிக்காவில் போராடிய தம்பி நாயுடுவின் பேரன். தன் சிறை வாழ்க்கையை 1982இல் புத்தகமாக்கினார். அதன் துணைத்தலைப்பில் அவருடைய கைதி எண்ணே இருக்கிறது. அவருடைய தியாகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கப்பலேறிப் போயும் நாயுடு, பிள்ளை என்ற சாதிப் பட்டமெல்லாம் குடும்பப் பெயராகக் கூடவே போயிருக்கிறதே, அதை என்னத்தச் சொல்ல? தீவு அவரை ‘ஆசியர்’ என்று எழுதிக்கொண்டது. பட்டம் அப்படியே இருந்தது. இதே நாட்டில், டர்பனில், 2001இல் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்கு நம் மூத்த தோழர்கள் போய் சாதியையும் சேர் என்று கேட்டபோது, சாதி வேறு இனம் வேறு என்று முட்டுக்கட்டை போட்டது இந்திய அரசு. அந்தப் பலகை முன்னால் நின்றபோது இதுதான் ஞாபகம் வந்தது.

இனி நிற்காத பஸ்ஸுக்கு வருகிறேன். சிறைக்கு வெளியே தனியாக ஒரு சின்ன வீடு, பக்கத்தில் நாய்க்கூண்டுகள். ராபர்ட் சொபுக்வே இருந்த வீடு. பாஸ் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21இல் போராட்டம் அறிவித்தவர் அவர். ஷார்ப்வில்லில் 69 பேரைச் சுட்டுக்கொன்றது அன்றைக்குத்தான். மூன்று வருஷ தண்டனையை அனுபவித்து முடித்தவரை வெளியே விட அரசுக்குப் பயம். 1963இல் அவருக்கென்றே ஒரு சட்டப் பிரிவைப் போட்டு, விசாரணை இல்லாமல், தண்டனை இல்லாமல், 1969 வரை இந்த வீட்டில் தனியாக வைத்தார்கள். மற்றக் கைதிகளோடு பேசக் கூடாது. கைதிகள் அந்தப் பக்கம் நடந்துபோனால் குனிந்து கைநிறைய மண்ணை எடுத்து விரலிடுக்கில் வழியவிடுவாராம். இந்த மண் நம்முடையது என்று அர்த்தம். பல்கலைக்கழகத்தில் மொழி கற்றுக்கொடுத்த ஆள் அவர். பேச்சே மறுக்கப்பட்டபோது மண்ணைச் சொல்லாக்கிக்கொண்டார்.

நான் போன நாளில் பஸ் அந்த வீட்டின் முன்னால் வேகத்தைக் குறைத்தது, நிற்கவில்லை. அதற்குப் பிறகு டேபிள் மவுண்டனைப் பின்னால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு இடத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. இந்தச் சுற்றுலாவின் கதை ஒரு மனிதர் உள்ளே போய், பகைமை மறந்து, ஜனாதிபதியாக வெளியே வருகிற கதை. முடிவு மங்களம். நிலம் யாருக்கு என்று கேட்டவருக்கு அந்தக் கதையில் இடமில்லை. சொபுக்வே ஜனாதிபதியாகவில்லை, 1978இல் கிம்பர்லியில் தடையுத்தரவுக்குள்ளேயே செத்துப்போனார். மண்டேலாவைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரை மட்டும் காட்டுவது அவருக்கே செய்கிற அநியாயம்.

பெண்கள் இன்னொரு விடுபடல். இது ஆண்கள் சிறை, சரி. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரப் பார்வைக்காக நாடு கடந்து, படகேறி வந்த மனைவிமார், தாய்மார் எங்கே? 1969இல் பிடிபட்டு 491 நாள் சிறையிலிருந்த வின்னி எங்கே? நான் கேட்ட மூன்றரை மணி நேரத்தில் அவர் பெயர் ஒரே ஒரு தடவை, ‘அவருடைய மனைவி’ என்று வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தச் சுற்றுலாவை நான் தூக்கியெறிய மாட்டேன். அடிபட்டவரே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து ‘நான் இங்கே படுத்திருந்தேன்’ என்று தன்னிலையில் சொல்கிற சரித்திர இடம் உலகத்தில் எத்தனை இருக்கிறது? எங்களைக் கூட்டிப்போனவர் எண்பதுகளில் உள்ளே வந்தவர். தரையைக் காட்டினார், எத்தனை பேர் படுத்தோம் என்றார், சித்திரவதை பற்றி ரெண்டே வாக்கியம். ஒரு சுற்றுலாக்காரர் விடவில்லை. எங்கே அடித்தார்கள், எப்படி அடித்தார்கள், தழும்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெரியவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஒரு கல்லூரி இலக்கியக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சங்கப் பாடல்களில் இழிசினன் என்ற சொல்லாட்சி பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டு போயிருந்தேன். தலைமை தாங்கியவர், “அதெல்லாம் இருக்கட்டும்மா, உங்க ஊர் டீக்கடை அனுபவத்தச் சொல்லுங்க, பிள்ளைங்க கேக்கட்டும்” என்றார். சொன்னேன். ரெண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கட்டுரை பைக்குள்ளேயே இருந்தது. நம்மிடம் சாட்சியம் கேட்கிறவர்கள் நம் விளக்கத்தைக் கேட்பதில்லை. விளக்கம் சொல்ல வேறு ஆள் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் வரலாறு, சிறைக்குள் அனுபவம் என்ற அந்த வேலைப் பிரிவினையும் இதுதான். சொபுக்வேயின் வீட்டைப் பற்றி இந்தப் பெரியவர் என்ன சொல்லியிருப்பார்? பஸ்ஸில் அவர் இல்லை.

கிளம்பும்போது கேட்டேன்: “இந்த இடத்துக்கே தினமும் எப்படி வர்றீங்க?” “வேலை வேணும்ல” என்றார். இரவில் தூக்கம் வராத நாளும் உண்டு என்றார். அவரைப் போன்றவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்களுக்குப் பிறகு அந்தச் சாவி பஸ்ஸில் பேசுகிற இளைஞர்கள் கைக்குத்தான் போகும். அதனால் அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். டேபிள் மவுண்டன் போட்டோவுக்குக் கொடுக்கிற நேரத்தில் பத்து நிமிஷத்தைப் பிடுங்கி அந்தச் சின்ன வீட்டின் முன்னால் பஸ்ஸை நிறுத்தினால் போதும், மலை எங்கேயும் போய்விடாது.